குமரி மலைகளில் தாவர ஆய்வும் பாதுகாப்பும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் வடக்கிலும் வடகிழக்கிலும் அரணாக நிற்கும் மலைகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியாக அமைந்தவை. 2001ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் இவையும் அடங்கும். அக்காப்பகத்தில் 2,254 வகை உயர்தாவரங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 400 வகைகள் அகணியத் தாவரங்கள், அதாவது ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்புக்கே உரியவை. தாவரவியல், சித்த மருத்துவம், ஆயுர்வேதம் பயிலும் மாணவர்கள், காட்டோரம் கிராம்பும் ரப்பரும் பயிரிடும் விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோர் இம்மலைகளில் முறையான ஆய்வைத் தொடங்கி அதைப் பாதுகாப்புப் பணியாக வளர்த்தெடுப்பது எப்படி என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

ஓர் அரிய மரம் இக்காட்டில் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்ற விடையோடு பெரும்பாலான ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. அம்மரத்தின் அடியில் கன்றுகள் இருக்கின்றனவா என்பதே அடுத்து எழ வேண்டிய கேள்வி. நூறாண்டு நின்ற மரங்கள் இன்னும் பல ஆண்டுகள் நிற்கலாம். ஆனால் அவற்றுக்குப் பின் வர ஒன்றும் இல்லையெனில் அந்த இனம் அங்கே அழிந்துகொண்டிருக்கிறது என்றே பொருள். கீழே வரும் படிகள் அனைத்தும் இக்கேள்விக்கு விடை காணும் நோக்கிலேயே அமைந்தவை.

முதற்படி: இடத்தையும் பருவத்தையும் தேர்ந்தெடுத்தல்

இம்மாவட்டம் சிறியது, ஆனால் அதற்குள் அடங்கும் காட்டு வகைகள் பல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று வீசும் கிழக்குச் சரிவில் உடைமரமும் முட்புதரும் வளர்கின்றன. மேற்கே கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் வந்தால் ஈரம் மிகுந்த பசுமைக் காடு தொடங்குகிறது. ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள முத்துக்குழிவயலில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்துக் காணப்படும். மேல் கோதையாற்றுக்கு வாகனத்தில் செல்பவர்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் புகுந்து மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாகவே ஏற வேண்டியிருப்பதால், பயண நாள்களைக் கணக்கிடும்போதே இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மாவட்டம் முழுவதையும் ஆய்வு செய்யத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் சாலையோரத்தை மட்டுமே ஆய்வு செய்து முடிக்கிறார்கள். ஓர் ஓடையும் அதன் இருபுறச் சரிவுகளும் அடங்கிய சிறு நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதை ஓராண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பார்ப்பதே பயனுள்ள வழி என்பது என் உறுதியான கருத்து. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டுமே இங்கே பெய்வதால் பூக்கும் காலங்களும் பிரிந்து கிடக்கின்றன. பசுமைக் காட்டு மரங்களில் பல ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் பூத்து, மழை தொடங்கும் வேளையில் பழுக்கின்றன; காசித்தும்பை இனங்களும் பாறைமேல் வளரும் சிறு செடிகளும் மழையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும்தான் கண்ணில் படும். ஒரே ஒரு பருவத்தில் சென்று வந்தவரின் பட்டியலில் காட்டின் பாதி விடுபட்டிருக்கும்.

மலையேறிப் பழக்கமில்லாதவர்கள் மருந்துவாழ் மலையில் தொடங்கலாம். அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று மக்கள் நம்பும் இக்குன்று, நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் வழியில் எளிதில் அடையக்கூடியது. செடியைப் பறிக்காமல், பார்த்து, வரைந்து, குறிப்பெடுத்துப் பழகுவதற்கு ஏற்ற இடம்.

இரண்டாம் படி: அனுமதி

மாவட்டத்தின் காடுகளில் பெரும்பகுதி, ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய 28ஆம் பிரிவின் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை; அங்கிருந்து ஓர் இலையை எடுப்பதற்கும் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். விண்ணப்பத்தில் ஆய்வின் நோக்கம், இடம், மாதங்கள், சேகரிக்கவிருக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை, அவை இறுதியில் எந்த உலர்தாவரகத்துக்கு (உலர்த்திய தாவர மாதிரிகளைக் காக்கும் இடத்துக்கு) செல்லும் என்பது ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். வணிகப் பயன்பாடு, காப்புரிமை, வெளிநாட்டவர் பங்கேற்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் பொருந்தும். பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. அனுமதி கிடைத்த பின் வனச்சரகரைச் சந்தித்து, உடன் வரப்போகும் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் யானை நடமாட்டத்தைக் கேட்டறிந்த பிறகே நாளைக் குறிக்க வேண்டும்.

மூன்றாம் படி: காணி மக்களிடம் கேட்டறிதல்

பேச்சிப்பாறைக்கு மேலே மோதிரமலை, தச்சமலை, குற்றியாறு போன்ற குடியிருப்புகளில் வாழும் காணி என்னும் பழங்குடி மக்கள், இக்காட்டின் தாவரங்களைப் பூக்கும் காலம், பழம் தின்னும் விலங்கு, மரப்பட்டையின் வாசம் ஆகியவற்றோடு சேர்த்து அறிந்தவர்கள். அவர்களிடம் செல்வதற்கு முன் ஊர்த்தலைவரான மூட்டுக்காணியிடம் நேரில் சென்று, ஆய்வு எதற்காக, அதன் முடிவு யாருக்குப் போகும் என்பதைச் சொல்லி இசைவு பெற வேண்டும். உடன் வருபவரை வழிகாட்டிக் கூலியாகக் கருதாமல் ஆய்வின் பங்காளியாகவே கருத வேண்டும். அவருக்கு உரிய ஊதியம் தர வேண்டும். அறிக்கையில் பெயர் இடம்பெற வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு அகத்தியமலையிலேயே ஒரு முன்னோடி நிகழ்வு உண்டு. 1987இல் கேரளப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வுப் பயணத்தில், உடன் வந்த காணி இளைஞர்கள் களைப்பு தெரியாமல் இருக்கத் தின்ற ஒரு பழத்தை அறிவியலாளர் புஷ்பாங்கதன் குழுவினர் கவனித்தனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் உற்பத்தி உரிமை 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத விற்பனைப் பங்குக்கும் வழங்கப்பட்டபோது, அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று; 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. மரபறிவுக்குப் பங்கு தந்ததற்காக இந்த ஏற்பாடு உலகெங்கும் பேசப்பட்டது. அதே வேளையில், சந்தைத் தேவை எழுந்தவுடன் செடியைக் காட்டிலிருந்தே பிடுங்கி விற்கும் முறைகேடும் தலைதூக்கியது. ஆகவே ஒரு தாவரத்தின் மருத்துவப் பயனைப் பதிவு செய்கிறவர்கள், அச்செய்தி வெளியானால் செடிக்கு என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். காணி மக்கள் மறைத்து வைக்க விரும்பும் செய்தியை எழுதாமல் விடுவதே முறை.

நான்காம் படி: மாதிரி எடுத்தலும் அடையாளம் காணுதலும்

சேகரிப்பில் ஓர் அடிப்படை விதி உண்டு: இருபது செடிகள் இருந்தால் ஒன்றைத் தொடலாம்; அதற்கும் குறைவாக இருந்தால் படம் எடுத்து, ஓர் இலையை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் இட்டு, செடியை அங்கேயே விட்டுவிட வேண்டும். மரமாயின் பூவோ காயோ உள்ள ஒரு சிறு கிளை போதும். அதை 42க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் அடங்குமாறு மடித்து, சில இலைகளின் அடிப்புறம் மேலே தெரியும்படி திருப்பி, செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்துபலகையில் இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் நாளில் தாளை இருமுறையும், பின்னர் நாள்தோறும் ஒருமுறையும் மாற்ற வேண்டும்.

ஜூன், ஜூலை மாதங்களில் கோதையாற்றுப் பகுதியில் தாள் காய்வதே பெரும்பாடு. தாளோடு சேர்த்து மாதிரியை ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையில் இட்டு, நீர் கலந்த ஆல்கஹால் ஊற்றி மூடிவிட்டால் ஊர் திரும்பும்வரை கெடாது. ஆர்க்கிட் போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் அழுத்துபலகைக்குள்ளும் பல நாள் உயிரோடு இருந்து இலையை உதிர்த்துவிடும் என்பதால், பூவை விலக்கிப் பிடித்து எஞ்சிய பகுதியைக் கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்த பின்னரே அழுத்த வேண்டும். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புரையில் வைத்து உலர்த்தலாமே என்று இப்பகுதியில் தோன்றுவது இயல்பு. ஆனால் புகைக்கறை படிந்த மாதிரியில் மென்மயிரும் நரம்பும் தெரியாது. மரப்பெட்டிக்குள் மின்விளக்கின் மிதமான சூட்டில் உலர்த்துவதே நல்லது.

காய்ந்த மாதிரியில் பூவின் நிறம், மணம், செடியில் கசியும் பாலின் நிறம், மரத்தின் உயரம், பட்டையைக் கீறினால் தெரியும் உள்நிறம் ஆகியவை அழிந்துவிடும். இவற்றை மரத்தடியிலேயே எழுதிவிட வேண்டும். ‘பேச்சிப்பாறை, காடு’ என்று மட்டும் எழுதிய சீட்டு யாருக்கும் பயன்படாது. ‘கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் வனச்சரகம், ஓடையின் வடகரை, பாறை இடுக்கு, உயரம் 310 மீட்டர், 12 மீட்டர் மரம், கீறினால் செந்நிறப் பட்டை, சிறிது நேரத்தில் கறுக்கும் சாறு, காய் பசுமை’ என்று எழுதினால், ஐம்பது ஆண்டுகள் கழித்து வருகிறவரும் அதே இடத்துக்குச் சென்று அதே மரத்தைத் தேட முடியும். சேகரிப்பு எண், நாள், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை இன்றியமையாதவை.

அடையாளம் காண்பதற்கு, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த, தாவரவியலாளர் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரத் தொகுதி இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது. அதன் பெயர்களில் பல மாறிவிட்டதால், கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியலில் தற்போதைய பெயரைச் சரிபார்க்க வேண்டும். தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரால் அமைந்த ‘ஜானகியா அராயல்பத்ரா’ என்ற பெயர் இன்று ‘டெகாலெபிஸ் அராயல்பத்ரா’ என்றே வழங்குகிறது. அகத்தியமலைக்கே உரிய இந்த அமிர்தபாலாச் செடி மிகவும் அருகிவிட்டது. இம்மாவட்டத்தை ஆய்வு செய்பவர்கள் தவறவிடக் கூடாத மற்றொரு செய்தியும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இப்பகுதி திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்ததால், இங்கிருந்து எடுத்த பழைய மாதிரிகள் உலர்தாவரகங்களில் ‘திருவிதாங்கூர்’ என்ற குறிப்போடுதான் இருக்கும். சில ‘திருநெல்வேலி மலைகள்’ என்றும் குறிக்கப்பட்டிருக்கும். கன்னியாகுமரி என்று மட்டும் தேடினால் ஒரு நூற்றாண்டுப் பதிவுகள் கண்ணில் படாமலே போகும். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குச் சென்று, நம் மாதிரியைப் பழைய மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெயரை உறுதி செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: எண்ணுதல்

பெயர் உறுதியான பின்னரே உண்மையான பணி தொடங்குகிறது. தேர்ந்த காட்டில் 50க்கு 20 மீட்டர் அளவில், அதாவது 0.1 ஹெக்டேர் பரப்பில், சில கட்டங்களைக் கயிற்றால் குறித்துக்கொள்ள வேண்டும். மேட்டில் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று என அமைத்தால் வேறுபாடுகள் தெரியும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள ஒவ்வொரு மரத்தையும் அளந்து, எண் பொறித்த அலுமினியத் தகடு பொருத்த வேண்டும். பலகை போல் விரிந்த வேர்கள் உள்ள மரங்களை, அவ்வேர்கள் முடியும் இடத்துக்கு மேலே அளந்து, அளந்த உயரத்தையும் எழுத வேண்டும். இல்லாவிடில் அடுத்த முறை அளப்பவர் வேறோர் இடத்தில் அளந்து, மரம் மெலிந்துவிட்டதாகக் கணக்கு வந்து நிற்கும்.

இனி, செங்குறிஞ்சி போன்ற ஓர் அகணிய மரத்தை எடுத்துக்கொள்வோம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வளரும் இம்மரத்தின் பெயரிலேயே கொல்லம் மாவட்டத்தின் செந்துருணிச் சரணாலயம் அமைந்துள்ளது. மரத்தின் அடியிலிருந்து நான்கு திசைகளிலும் கயிறு கட்டி, சருகை மெல்ல விலக்கி, தரையோடு தரையாகக் குனிந்து பார்க்க வேண்டும். விதையிலைகள் இன்னும் ஒட்டியிருக்கும் முளை, ஒரு மீட்டருக்குக் குறைவான கன்று, அதற்கு மேல் வளர்ந்தும் சுற்றளவு 30 சென்டிமீட்டரை எட்டாத இளமரம், அதன் பின் முதிர்மரம் என்று நான்கு நிலைகளாகப் பிரித்து எண்ண வேண்டும். கன்றின் நுனி கடிபட்டிருக்கிறதா, தண்டில் தீக்கறை உண்டா, கொடி சுற்றியிருக்கிறதா என்பதையும் ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். இம்மரத்தின் சாறு தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை அவசியம். இரத்தம் உறிஞ்சும் அட்டைகளை விலக்க உப்பும் புகையிலையும் வைத்துக்கொண்டால் குனிந்து எண்ணும் பொறுமை நீடிக்கும்.

இந்த நான்கு எண்களும் சேர்ந்தே காட்டின் நிலையைச் சொல்கின்றன. முளைகள் நிறைய இருந்து இளமரம் ஒன்றுகூட இல்லையெனில், விதை பிழையின்றி விழுகிறது, ஆனால் மேய்ச்சலோ தீயோ அடர்ந்த களையோ கன்றைக் கொன்றுவிடுகிறது என்று கருதலாம். பூ நிறைய இருந்தும் காய் பிடிக்காவிட்டால் மகரந்தச் சேர்க்கையில் குறை இருக்கக்கூடும். அப்போது ஒரு பூங்கொத்தைக் காலை முதல் மாலை வரை பார்த்து, வந்து போகும் பூச்சிகளைக் குறிக்க வேண்டும். காய் பிடித்தும் முளை இல்லையெனில், விழுந்த காய்களைப் பிளந்து வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனிதர் பொறுக்கிச் செல்கிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும். முதிர்மரங்கள் மட்டும் இருந்து மற்ற மூன்று நிலைகளும் வெறுமையாயின், அந்த இடத்தில் உடனடி நடவடிக்கை தேவை. காரணத்தைக் கண்டறியாமல் நாற்று நடுவது, முந்தைய கன்றுகளைக் கொன்ற அதே கேட்டுக்குப் புதிய கன்றுகளையும் இரையாக்குவதாகும்.

பாறை முகடுகளில் நிற்கும் வரைக்கமுகு என்னும் பனை வகை போன்றவற்றைக் கட்டம் கட்டி எண்ண முடியாது. அதன் இளங்குருத்தை யானைகள் விரும்பித் தின்பதால் அது பெரும்பாலும் செங்குத்தான இடங்களிலேயே எஞ்சியிருக்கிறது. எதிர்ச்சரிவில் ஓரிடத்தில் அமர்ந்து தொலைநோக்கியால் எண்ணி, அந்த இடத்தையே நிலையான பார்வை முனையாகக் கொள்ள வேண்டும். தகடு பொருத்திய மரங்களை மாதம் ஒருமுறை பார்த்து, தளிர், மொட்டு, பூ, காய், பழம் ஆகியவற்றைக் குறித்து வந்தால் விதை சேகரிக்கும் வாரம் எது என்பது தானே தெரியவரும்.

ஆறாம் படி: இடர்நிலையை மதிப்பிடுதல்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) அளவுகோல்களை யாரும் பயன்படுத்தலாம். வரைபடத்தை 2க்கு 2 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, தாவரம் உள்ள சதுரங்களின் மொத்தப் பரப்பைக் கணக்கிட வேண்டும். அப்பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்து, வாழிடமும் சிதறிக் குறைந்துவந்தால், அது ‘மிகவும் அருகிய’ நிலையில் சேரும். முதிர்ந்த தாவரங்கள் 50க்கும் குறைவாக இருந்தால் அந்த எண்ணிக்கை ஒன்றே போதும். உலக அளவிலான நிலையையும் நம் மாவட்ட அளவிலான நிலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஏழாம் படி: விதையும் நாற்றும்

வறண்ட நிலத் தாவரங்களின் விதைகளில் பெரும்பாலானவற்றை நன்கு உலர்த்தி, உறைகுளிரில் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். பசுமைக் காட்டு மரங்களில் பலவற்றின் விதைகள் அப்படிப்பட்டவை அல்ல. கொங்கு, வெள்ளைக்குங்கிலியம், காட்டுச்சாதிக்காய், பல நாவல் இனங்கள் ஆகியவற்றின் விதைகள் உலர்ந்தாலே உயிர் இழக்கும். அவற்றை ஈரச் சாக்கிலோ ஈரமான மரத்தூளிலோ பொதிந்து, காற்றுப் புகும்படி கொண்டுவந்து, சில நாள்களுக்குள் விதைத்துவிட வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் காயவைப்பது இவ்விதைகளைக் கொன்றுவிடும்.

அன்று கிடைக்கும் முற்றிய விதைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரே மரத்தில் கிடைப்பதையெல்லாம் அள்ளுவதைவிட, தொலைவு விட்டு நிற்கும் முப்பது தாய்மரங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பதே மரபணு வளத்தைக் காக்கும். அத்தனை மரங்கள் இல்லையெனில் இருக்கும் ஒவ்வொன்றிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தாய்மரத்தின் விதையையும் தனிப் பையில், தனி எண்ணோடு வைக்க வேண்டும்.

நாற்றங்கால் தொழிலில் நம் மாவட்டத்துக்குக் குறைவில்லை. குலசேகரம் வட்டாரத்தில் ரப்பர் நாற்று வளர்ப்பவர்களின் கைத்திறனைக் காட்டு மரங்களுக்கும் பயன்படுத்தலாம். இரண்டு மாற்றங்கள் மட்டும் தேவை. காட்டு நாற்றுகளுக்குப் பாதிக்கும் மேல் நிழல் தரும் வலை வேண்டும். பைமண்ணில் தாய்மரத்தடி மண் ஒரு கைப்பிடி கலக்க வேண்டும். வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் அம்மண்ணில்தான் உள்ளன. அந்த ஒரு கைப்பிடி மண்ணுக்கும் வனத்துறையின் ஒப்புதல் பெற வேண்டும்.

எட்டாம் படி: நடுதலும் களை நீக்கலும்

மேற்குப் பகுதியில் ஜூன் முதல் மழையிலேயே நட்டு, பட்டுப்போனவற்றை அக்டோபரில் நிரப்பலாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பியே நட வேண்டும். முத்துக்குழிவயலின் புல்வெளியில் எந்த மரத்தையும் நடக் கூடாது. அது மரம் அழிந்து உண்டான வெற்றிடமன்று, தனக்கே உரிய செடிகளைக் கொண்ட தொன்மையான வாழிடம்.

2017 நவம்பர் 30ஆம் நாள் தாக்கிய ஒக்கி புயல் இம்மாவட்டத்தில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அத்தகைய திறப்புகளில் வெயில் பட்டவுடன் மிக்கேனியா என்னும் களைக்கொடி படர்ந்து கன்றுகளை மூடிவிடும். அது பூப்பதற்கு முன், கணுக்கள் மண்ணில் விடுபடாமல் கையால் பிடுங்கி அகற்ற வேண்டும். உண்ணிச்செடியைத் தண்டோடு வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். களையை ஒரே நாளில் முழுதாக அகற்றித் தரையை வெயிலுக்குத் திறந்துவிடாமல், கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அளவில் தொடங்கி, கன்று உயர உயர விரிவாக்குவது நல்லது.

ஒன்பதாம் படி: பதிவுகளை யாருக்கு, எவ்வளவு தருவது

மாதிரியின் ஒரு பிரதி கோயம்புத்தூருக்கும் மற்றொன்று அருகிலுள்ள கல்லூரியின் உலர்தாவரகத்துக்கும் செல்ல வேண்டும். எண்ணிக்கைகளையும் தகடு எண்களையும் வனத்துறைக்கு எழுத்தில் தர வேண்டும். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் தமிழ்ப் பெயரோடும் காணி மக்கள் வழங்கும் பெயரோடும் சேர்க்கச் செய்ய வேண்டும்.

துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவெளியில் இடவே கூடாத தாவரங்களும் உண்டு. பாபியோபெடிலம் ட்ரூரி என்னும் மஞ்சள் நிறப் பூவுடைய ஆர்க்கிட் அகத்தியமலைப் பகுதிக்கே உரியது. தோட்டப் பிரியர்களுக்காகத் திரும்பத் திரும்பப் பறிக்கப்பட்டதால் இன்று மிகவும் அருகிய இனமாக நிற்கிறது. இத்தகைய செடியின் படத்தைப் பகிர்ந்தால், கைப்பேசி தானே பதியும் இடக்குறிப்பை நீக்கிவிட்டு, மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னணியில் தெரியும் பாறையும் அருவியும்கூட வழிகாட்டிவிடும் என்பதால் பூவை மட்டும் நெருக்கமாக எடுத்த படமே போதும். முழு விவரம் உலர்தாவரகத்திலும் வனத்துறையிலும் இருக்கட்டும்.

நட்ட கன்றுகளையும் இயற்கையாக முளைத்தவற்றையும் தனித்தனி நிறத் தகடுகளால் குறித்து, முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் வறட்சி முடியும் ஏப்ரல் இறுதியிலும் எண்ண வேண்டும். நட்டவை பிழைத்து, இயற்கை முளைகளின் எண்ணிக்கை உயராமலே இருந்தால், ஐந்தாம் படிக்குத் திரும்பி, பூவிலிருந்து முளைவரை ஒவ்வொரு நிலையையும் மறுபடி சோதிக்க வேண்டும்.